வெள்ளைக்கல்லும் பச்சைக்கல்லும்

மழுங்கிப்போன நாலு எண்ட் மில்லை எடுத்துக்கிட்டு போன மாசம் பெருங்குடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் போயிருந்தேன். கண்ணாடி ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால ஒரு பழைய ஷெட். டூல் கிரைண்டர்ல இருந்த அண்ணன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூணு ஹைஸ்பீடு ஸ்டீல், ஒண்ணு கார்பைடு.

“இந்த மூணுக்கும் வெள்ளைக்கல்லு போதும். அதுக்குப் பச்சைக்கல்லு மாத்தணும், உக்காருங்க சார்.”

உட்கார்ந்திருந்த நேரத்தில் தோன்றியதுதான் இந்தக் குறிப்பு. பட்டறையில் எல்லாமே இங்கிலீஷ் பேரு, தமிழில் ஏது வார்த்தை என்று நானும் நினைத்தவன்தான்.

வெள்ளைக்கல் என்பது அலுமினியம் ஆக்சைடு. இதுவே மண்ணில் கிடைத்தால் பெயர் கொரண்டம். ஆங்கில அகராதிகள் அந்தச் சொல்லுக்கு மூலமாகக் காட்டுவது நம்ம ‘குருந்தம்’. நிறமும் தெளிவும் கூடிவந்தால் மாணிக்கம், நீலம்; இல்லாவிட்டால் பொடித்து அரக்கோடு கலந்து சாணை. மோஸ் அளவுகோலில் கடினம் 9, வைரத்துக்கு 10. சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் நிலத்தில் கிடக்கிறது.

1728இல் இறந்த ஜான் உட்வர்டின் கனிமப் பட்டியலிலேயே இந்தக் கல் இருக்கிறது. நெல்வயலில் எலிகள் மேலே தள்ளிவிடும், இரும்பை மெருகேற்ற உதவும் என்கிறது குறிப்பு. அவர் எழுதிய பெயர் ‘நெல்லா கொரிவிண்டம்’. இன்னொன்று ‘தெல்லா’. கறுப்பு, வெள்ளை என்று தெலுங்கு பேசும் யாரோ சொல்லியிருக்கணும் என்பது என் ஊகம். 1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்தக் கல்லைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார்.

பச்சைக்கல் கதை இன்னும் வேடிக்கை. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சூடாக்கியபோது பளபளக்கும் படிகங்கள் வந்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து ‘கார்போரண்டம்’ என்று பேர் வைத்துவிட்டார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. தப்பான பேர் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியோடும் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது, திருவொற்றியூரில் ஆலை. குருந்தம் ஊர் சுற்றிவிட்டு வேறு சட்டையில் சென்னைக்குத் திரும்பியது.

உடனே எல்லாம் இங்கிருந்து போனதுன்னு கிளம்ப வேண்டாம். கல்லும் பேரும் நம்முடையவை. ஒரே சீரான மணிகளை உலையில் செய்யும் வித்தை அவர்களுடையது. அது இல்லாமல் எண்ட் மில்லைத் தொடவே முடியாது. பல்லுக்குக் கீழே விரல் மாதிரி ஒரு தாங்கி. 30 டிகிரி முறுக்கு அதன்மேல் சாய்ந்தபடியே திரும்பித் திரும்பி வரணும். முனைக்குப் பின்னால் சரிவு விடாவிட்டால் டூல் வெட்டாது, தேய்க்கும். அண்ணன் தொட்டும் தொடாமலும் தேய்த்தார்.

“நீலம் ஏறிச்சுன்னா பதம் போச்சு சார்.”

குருந்தம் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, 12 மில்லிமீட்டர் டூலில் டேப் ஒட்டி 11.8 என்று எழுதினார்.

“புரோகிராம்ல ஆஃப்செட் மாத்திடுங்க. மறந்துட்டு என்னைத் திட்டாதீங்க.”