தபால்காரருக்குப் பயந்த காதல் கதைகள்

பதிப்பாசிரியர் டிக் கரோல், மாரிஜேன் மீக்கர் என்ற இளம் எழுத்தாளருக்கு இரண்டு நிபந்தனைகள் போட்டார். கதை பள்ளி விடுதியில் நடக்கக் கூடாது, கல்லூரிக்கு மாற்ற வேண்டும். இரண்டு பெண்கள் காதலிக்கலாம், ஆனால் கடைசியில் சேர்ந்து வாழக் கூடாது. காரணத்தையும் அவர் மறைக்கவில்லை. புத்தகக் கட்டுகள் தபாலில் போகின்றன. ஆய்வாளர் பிரித்துப் பார்த்து ஆபாசம் என்று சொல்லிவிட்டால் சரக்கு அங்கேயே முடங்கிவிடும். 1873இல் வந்த காம்ஸ்டாக் சட்டம் அமெரிக்கத் தபால் துறைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது.

மீக்கரின் அந்த நாவல் ‘ஸ்பிரிங் ஃபயர்’ 1952இல் வின் பேக்கர் என்ற புனைபெயரில் வெளிவந்தது. விலை 25 சென்ட். தலைப்பிலும் கரோலின் வியாபாரப் புத்தி தெரிந்தது: ஜேம்ஸ் மிச்சனரின் ‘தி ஃபயர்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ என்று நினைத்து நாலு பேர் வாங்கிவிட்டுப் போகட்டுமே! முடிவில் ஒருத்திக்குப் புத்தி பேதலிக்கிறது. மற்றவளோ, தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று கண்டுகொள்கிறாள். சுமார் 15 லட்சம் பிரதிகள் விற்றன.

இதுபோன்ற மலிவுப் பதிப்புகள் மருந்துக்கடைகளிலும் பஸ் நிலையங்களிலும் கம்பித் தட்டுகளில் கிடந்தன. அட்டைப் படம் ஆண்களுக்காக வரையப்பட்டது. வாங்கிப் படித்துவிட்டு மீக்கருக்குக் கடிதம் எழுதியவர்களிலோ பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் பிலடெல்பியாவில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த இளம் மனைவி. மீக்கர் அவரை நியூயார்க்குக்கு வரவழைத்து, கிரீன்விச் வில்லேஜைச் சுற்றிக் காட்டினார். 1957இல் ‘ஆட் கேர்ள் அவுட்’ நாவலோடு ஆன் பானன் என்ற பெயரில் அறிமுகமானவர் அவர்தான்.

கரோலின் விதியை அதே 1952இல் ஒருவர் மீறியிருந்தார். 1948 டிசம்பர், புளூமிங்டேல்ஸ் கடையின் பொம்மைப் பிரிவு. கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு நடுவே மிங்க் கோட்டு அணிந்த பொன்னிறக் கூந்தல் பெண் ஒருவர் வந்து, ஒரு பொம்மை வாங்கி, அனுப்ப வேண்டிய முகவரியைச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். விற்பனைப் பெண்ணாக நின்றிருந்த பேட்ரீஷியா ஹைஸ்மித் அன்று மாலையே வீட்டுக்குப் போய் ஒரு நாவலின் கதையை எழுதி முடித்தார். மறுநாள் காய்ச்சல், அம்மை போட்டிருந்தது. ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ கிளேர் மார்கன் என்ற பெயரில் வந்தது. அதில் தாய் தன் மகளை இழக்கிறாள், ஆனாலும் காதலர்கள் சேர்கிறார்கள். மலிவுப் பதிப்பு லட்சக்கணக்கில் போனது. முகம் தெரியாத அந்தக் கிளேர் மார்கனுக்கு வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் நன்றிக் கடிதம் அனுப்பினார்கள்.

அப்படியானால் கரோல் பயந்தது வீணா? இல்லை. 1954 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் தபால் அதிகாரி, தன்பாலீர்ப்பாளர்களுக்கான ‘ஒன்’ இதழைத் தடுத்து நிறுத்தினார். அவர் கண்ணை உறுத்தியவற்றில் ஒன்று, ஓர் இளம்பெண் மணக்கவிருந்தவனை விட்டுவிட்டுத் தான் விரும்பிய பெண்ணோடு போகும் சிறுகதை. கீழ் நீதிமன்றங்கள் அதிகாரியின் பக்கமே நின்றன. 1958 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வாதம்கூடக் கேட்காமல், ஒற்றை வாக்கியத்தில் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது.

மீக்கரும் ஹைஸ்மித்தும் பிறகு சந்தித்து, காதலித்து, சிறிது காலம் சேர்ந்தும் வாழ்ந்தார்கள். அந்த நாட்களை மீக்கர் 2003இல் நினைவுநூலாக்கினார், இம்முறை சொந்தப் பெயரில். ‘ஸ்பிரிங் ஃபயர்’ மறுபதிப்புக்கோ வெட்கப்பட்டு நெடுங்காலம் சம்மதிக்கவில்லை. 2004இல்தான் இறங்கிவந்தார், கரோல் போட்ட நிபந்தனையை முன்னுரையில் அவரே எழுதிவைத்தார்.