பிரிண்டர் ஓடாத ராத்திரி: கும்பகோணம், பிப்ரவரி 2018

இந்த எபிசோடை மரக்காணத்துல, எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. ஈசிஆர் பக்கத்துலயே இருக்கு, உப்பு சீசன் வேற.

அந்த லாரியில இருந்தே ஆரம்பிக்கிறேன். பாத்தியில வாரின உப்பை மேட்டுல அம்பாரமா குவிச்சு வெச்சிருப்பாங்க. லாரி வந்ததும் மூட்டை ஏறும். எங்க அப்பா ரொம்ப வருஷம் அளத்துல கணக்குப் பார்த்தவர். மூட்டை ஏறும்போது ரெண்டு பேர் எண்ணுவாங்க, அளத்துப் பக்கம் ஒருத்தர், லாரிப் பக்கம் ஒருத்தர். இவர் நோட்டை அவர் எட்டிப் பார்க்கக் கூடாது. கடைசியா ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. டேலி ஆகலைன்னா வண்டி கிளம்பாது. சின்னப் பையனா இருந்தப்போ, "ஒருத்தரே எண்ணினா போதாதாப்பா?"ன்னு கேட்டிருக்கேன். "ஒருத்தன் எண்ணினா அது கணக்கு இல்ல, அவன் சொல்றது, அவ்வளவுதான்"னார்.

அந்த ரெண்டாவது நோட்டைப் பத்தின கதைதான் இன்னைக்கு. நடந்த இடம் கும்பகோணம்.

சிட்டி யூனியன் வங்கி 1904-ல கும்பகோணம் வங்கிங்கிற பேர்ல ஆரம்பிச்சது. இன்னைக்கும் தலைமையகம் அங்கதான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப மத்த வங்கிகள் மாதிரியே இவங்களும் ஸ்விஃப்ட் பயன்படுத்துறாங்க. 1973-ல பெல்ஜியத்துல தொடங்கின அமைப்பு அது. ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும்: ஸ்விஃப்ட் பணத்தை நகர்த்துறது இல்ல, செய்தியைத்தான் நகர்த்துது. "எங்க கணக்குல இருந்து எடுத்து இன்னாருக்குக் கொடு"ன்னு ஒரு செய்தி நியூயார்க் வங்கிக்குப் போகும், அவங்க கொடுப்பாங்க. அதனால உங்க ஸ்விஃப்ட் கம்ப்யூட்டர்ல யாராவது உட்கார்ந்துட்டா, உலகத்தைப் பொறுத்தவரை அந்த ஆள்தான் நீங்க.

2018 பிப்ரவரி 6 சாயங்காலம், ஸ்விஃப்டோட இணைஞ்சிருந்த பிரிண்டர் வேலை செய்யலை. அனுப்பின ஒவ்வொரு செய்திக்கும் "கிடைச்சது"ன்னு வர்ற ஒப்புகை அதுலதான் அச்சாகும். ஊடுருவினவங்க அதை முடக்கியிருந்தாங்க.

மறுநாள், பிப்ரவரி 7, வழக்கமா கணக்கை ஒத்துப் பார்க்குறாங்க. வங்கியில யாருமே அனுப்பாத மூணு செய்தி போயிருக்கு. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு நியூயார்க் வழியா துபாய்க்கு 5 லட்சம் டாலர். அதே வங்கியோட ஃபிராங்ஃபர்ட் கிளை வழியா துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. பேங்க் ஆஃப் அமெரிக்கா வழியா சீனாவுக்கு 10 லட்சம் டாலர். உடனே எல்லாருக்கும் தகவல் போச்சு. துபாய்ப் பணம் தடுக்கப்பட்டுத் திரும்பி வந்துடுச்சு, துருக்கிப் பணம் அங்கேயே முடக்கப்பட்டுச்சு. சீனாவுக்குப் போனதை மட்டும் ஒருத்தர் போலி ஆவணம் கொடுத்து உரிமை கோரிட்டார்னு வங்கி பின்னாடி சொன்னது. பத்து நாள்ல அவங்களே வெளியில அறிவிச்சாங்க. நம்ம ஊர்ல இது நடக்காத காரியம், அதுக்காகவே ஒரு மரியாதை இருக்கு எனக்கு.

பிரிண்டர்னு சொன்னதும் உங்கள்ல சிலருக்கு வேற ஒரு ஊர் ஞாபகம் வந்திருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி டாக்காவுல இதேதான் நடந்தது. 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை ராத்திரி. வங்கதேச மத்திய வங்கியோட நியூயார்க் கணக்குல இருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலர் எடுக்கச் சொல்லி 35 செய்தி போச்சு. மறுநாள் காலையில பிரிண்டர் ட்ரேயில காகிதம் இல்ல. "முன்னாடியும் இப்படி மக்கர் பண்ணியிருக்கு"னு விட்டுட்டாங்க. வெள்ளி டாக்காவுல லீவு, சனி ஞாயிறு நியூயார்க்ல லீவு, திங்கள் மணிலாவுல சீனப் புத்தாண்டு லீவு. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய் சூதாட்ட விடுதிகள்ல கலந்துடுச்சு. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் மட்டும், ஃபவுண்டேஷன்ங்கிற வார்த்தையைத் திருடன் தப்பா எழுதினதால மாட்டிக்கிச்சு. ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஒரு நாட்டோட பணத்தைக் காப்பாத்தின கதை அது.

ஏன் பிரிண்டரைக் குறி வெச்சாங்க? டேட்டாபேஸ்ல இருக்குற பதிவை அழிக்கலாம், மாத்தலாம். டாக்காவுல அதையும் செஞ்சாங்க. ஆனா காகிதத்துல அச்சாகி வெளியே விழுந்துட்டா அதை எங்க இருந்தோ உட்கார்ந்து அழிக்க முடியாது. திருடனோட கை எட்டாத ஒரே நோட்டு அதுதான்.

இப்போ விதிமுறைப் பக்கம் வருவோம். டாக்கா சம்பவத்துக்கு அப்புறம் 2016 ஜூன் 2-ல ரிசர்வ் வங்கி சைபர் பாதுகாப்புக் கட்டமைப்புன்னு ஒரு சுற்றறிக்கை போட்டது. ஐடி கொள்கையோட கலக்காம இதுக்குத் தனிக் கொள்கை வேணும், இயக்குநர் குழு ஒப்புதல் வேணும், சம்பவம் நடந்தா 2 முதல் 6 மணி நேரத்துல சொல்லணும்னு இருந்தது. ஸ்விஃப்ட் தன் பங்குக்கு 16 கட்டாயக் கட்டுப்பாடுகளை அறிவிச்சு, 2017 முடியறதுக்குள்ள எல்லா வங்கியும் தங்கள் நிலைமையை எழுதிக் கொடுக்கணும்னு சொன்னது. ஆக, கும்பகோணத்துல பிரிண்டர் நின்னப்போ அந்தக் கெடு முடிஞ்சு அஞ்சு வாரம்தான் ஆகியிருந்தது.

அதே பிப்ரவரி 14-ல பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரம் வெடிச்சது. ஆரம்பத்துல சொன்ன தொகையே 11,400 கோடி ரூபாய். அதுல ஹேக்கர் யாரும் இல்ல. ஒரு மும்பைக் கிளையில இருந்த ஊழியர்களே ஸ்விஃப்ட்ல உத்தரவாதச் செய்தி அனுப்பினாங்க, கோர் பேங்கிங்ல பதியவே இல்ல. ரெண்டு சிஸ்டமும் இணையாததால பல வருஷம் யாருக்கும் தெரியலை. கும்பகோணத்துல ரெண்டாவது நோட்டு இருந்தது, ஒரே ராத்திரியில பிடிபட்டுச்சு. மும்பையில அந்த நோட்டே இல்ல.

பிப்ரவரி 20-ல ரிசர்வ் வங்கி ஒரு அறிக்கை விட்டது: 2016 ஆகஸ்ட்ல இருந்து குறைஞ்சது மூணு தடவை வங்கிகளை ரகசியமா எச்சரிச்சிருக்கோம், ஆனா நடைமுறைப்படுத்துறதுல ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு நிலைமையில இருக்குன்னு. மறு வருஷம் மார்ச்ல, ஸ்விஃப்ட் விதிகளைச் சரியா கடைப்பிடிக்கலைன்னு 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம். முப்பத்தாறு! இதுல எத்தனை வங்கியோட கோப்புல ஏற்கனவே "ஆம்"னு டிக் அடிச்சிருந்ததோ.

இந்த இடத்துல நான் ரொம்ப நல்லவன் மாதிரி பேசிட்டுப் போயிடலாம். ஆனா என் கதையையும் சொல்லணும்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில பாதுகாப்பு அலர்ட் எல்லாம் ஒரு சாட் குரூப்புக்கு வரும். அமைச்சவன் நான்தான். ஒரு சமயம் மூணு வாரம் அலர்ட்டே வரலை. எல்லாம் நல்லா ஓடுதுன்னு சந்தோஷமா இருந்தேன். அந்த மூணு வாரத்துக்கு நடுவுலதான் ஐஎஸ்ஓ 27001 ஆடிட் வந்தது. "அலர்ட் அமைப்பு உள்ளதா?" ஆம். ஸ்கிரீன்ஷாட் இருக்கா? இருக்கு. பாஸ். கேக் வெட்டினோம். அதுக்கு அடுத்த வாரம் வேற ஒரு காரணத்துக்காக உள்ள போய்ப் பார்த்தா, அலர்ட் அனுப்புற டோக்கன் காலாவதியாகிக் கிடக்கு. சேர்ந்து நின்ன அலர்ட்ல ஒண்ணு, வேலையை விட்டுப் போன ஒருத்தரோட கணக்குல யாரோ லாகின் பண்ணிப் பார்த்தது. உள்ள எதுவும் எடுக்கலைன்னு லாக் காட்டுச்சு. அந்த லாக்கை நாலு தடவை படிச்சேன், அன்னைக்கு ராத்திரி தூங்கலை.

டாக்காவுல அந்தப் பிரிண்டர் ட்ரேயைப் பார்த்துட்டு நகர்ந்த ஊழியரை அதுவரைக்கும் முட்டாள்னு நினைச்சிருந்தேன்.

2022 ஏப்ரல்ல செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது: சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும், லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும். நல்ல விதிதான். ஆனா "கவனத்துக்கு வந்த" நேரத்துல இருந்துதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. மூணு வாரம் என் கவனத்துக்கே வரலையே. விதிப்படி பார்த்தா நான் தாமதமே பண்ணலை.

அதுக்கப்புறம் ஒரு வேலை செஞ்சேன். தினமும் காலையில 10 மணிக்கு ஒரு பொய் அலர்ட் வரும். வந்துச்சான்னு பார்க்கிறது நான் இல்ல, வேற டீம்ல இருக்குற ஒரு அக்கா. வரலைன்னா எனக்கு போன் பண்ணுவாங்க. மேனேஜர்கிட்ட காட்டினேன். நல்லா இருக்குன்னார். அப்புறம், "இதை ஆடிட் ஷீட்ல எந்தக் கன்ட்ரோல் நம்பர்ல போடுறது?"ன்னு கேட்டார். தேடினோம், சரியா எதுலயும் உட்காரலை. நான் அங்க இருந்து கிளம்புற வரைக்கும் அந்தக் கட்டம் காலியாத்தான் இருந்தது. அக்கா மட்டும் தினமும் 10 மணிக்குப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

சரி, கீழ லோடு ஏறி முடிஞ்சிடுச்சு போல, அப்பா கூப்பிடுறார். அடுத்த எபிசோட் 1930 வேதாரண்யம். பார்ப்போம்.