கட்டி முடியாத வீடும் 1966ஆம் ஆண்டுச் சட்டமும்

ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கில் புதிய தரைவீடு வாங்க முற்படுபவர் பெரும்பாலும் காண்பது வரைபடமும் வெற்று நிலமுமே. ஒப்பந்தத்தின்போது விலையில் 10 விழுக்காட்டைச் செலுத்துகிறார். அடித்தளம், சுவர், கூரை என வேலை வளர வளர எஞ்சிய தொகையும் தவணையாகச் செல்கிறது. கடன் வாங்கியவருக்கோ வீடு எழுமுன்னரே வட்டி எழுந்துவிடுகிறது.

இவ்விற்பனையைக் கட்டுப்படுத்தத் தீபகற்ப மலேசியாவிற்கென 1966இல் வீடமைப்பு மேம்பாட்டாளர் சட்டம் இயற்றப்பட்டது. உரிமமின்றி வீடமைப்புத் தொழில் நடத்துவது குற்றமாயிற்று. 1989ஆம் ஆண்டு விதிகள் ஒப்பந்த வாசகத்தையே வகுத்தன: தரைவீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைத்தல் வேண்டும், தவறின் நாட்கணக்கில் இழப்பீடு. இக்கெடுவை வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் நீட்டித்தது செல்லாதெனக் கூட்டரசு நீதிமன்றம் 2019 நவம்பர் 26இல் தீர்ப்பளித்தது.

இத்துணைக் காப்பிருந்தும் திட்டங்கள் கைவிடப்பட்டே வந்தன. இழப்பீடு தரவேண்டிய நிறுவனமே நொடித்தபின் யாரிடம் அதைப் பெறுவது? சட்டத்தின் எல்லை இங்கேதான் புலப்படுகிறது என்பது நம் கருத்து. வாங்குபவர் உண்மையில் கட்டுமானத்திற்கு முதலீடு தருபவர். இலாபத்தில் மட்டும் அவருக்குப் பங்கில்லை. 2007இல் அறிமுகமான 10:90 முறையில் 90 விழுக்காடு வீடு முடிந்த பின்னரே செலுத்தப்படும். அம்முறை கட்டாயமாக்கப்படவில்லை, கட்டுமானச் செலவைத் தாமே சுமக்க மேம்பாட்டாளர் பலர் முன்வரவுமில்லை.