வீட்டு வாசலோடு நின்றுபோன மாநிலப் பணம்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நடைபாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 11,000 மைல். அதில் ஐந்தில் இரண்டு பங்கு பழுதுபட்டுக் கிடக்கிறது என்பது நகர நிர்வாகமே பல ஆண்டுகள் சொல்லிவந்த மதிப்பீடு. மரவேர்கள் தூக்கிவிட்ட கான்கிரீட் பலகைகளையும் சரிவு வைக்காத தெருமுனைகளையும் தாண்டிச் சக்கர நாற்காலி போக முடியாது. முதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கார்களுக்காக உலகமே வியந்த விரைவுச்சாலைகளைக் கட்டிய மாநிலத்தின் மிகப் பெரிய நகரத்தில் இது எப்படி நேர்ந்தது? பணம் போதவில்லை என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் விடை. கலிபோர்னியா தன் தெருக்களுக்கு நிதி ஒதுக்கிய நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால் அந்த விடை நிற்பதில்லை. பணம் வந்தது, பெருமளவில் வந்தது. ஆனால் அது சக்கரம் ஓடும் பரப்புக்கென்று வரையறுக்கப்பட்டு வந்தது. நடப்பவரின் பாதை, பக்கத்து மனைக்காரரின் பொறுப்பு என்று விடப்பட்டது. பற்றாக்குறையைவிட இந்தப் பிரிவினைதான் நடைபாதையைக் கெடுத்தது.

தொடக்கத்தில் இந்தப் பிரிவினை இல்லை. 1885இன் வ்ரூமன் சட்டமும் 1911இன் மேம்பாட்டுச் சட்டமும் தெரு போடும் செலவை அந்தத் தெருவை ஒட்டிய மனைகள் மீது சுமத்தின. வண்டிப்பாதையும் நடைபாதையும் ஒரே கணக்கில் வந்தன. தெரு போட்டால் மனையின் விலை ஏறும், எனவே மனைக்காரர் கொடுக்கட்டும் என்பது அன்றைய நியாயம். புதிதாக மனை பிரித்து விற்கப்பட்டுக்கொண்டிருந்த ஊர்களில் அது பொருந்தவும் செய்தது. பிறகு கார் வந்தது. 1919இல் ஓரிகன் மாநிலம் நாட்டிலேயே முதன்முதலாகப் பெட்ரோல் மீது கேலனுக்கு ஒரு சென்ட் வரி போட்டது. 1923இல் கலிபோர்னியா இரண்டு சென்ட் வரியுடன் அதைப் பின்பற்றி, வருவாயை மாநிலத்துக்கும் கவுன்டிகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தது. நகரங்களுக்குப் பங்கு கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. அதுவும் போக்குவரத்து மிகுந்த முக்கியத் தெருக்களுக்கென்றே முதலில் வந்தது. 1938இல் வாக்காளர்கள் இந்த வரிப்பணத்தைச் சாலைகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். பொதுக் கருவூலத்தின் மற்றச் செலவுகள் அதை விழுங்கிவிடாமல் காப்பதே நோக்கம். இதற்குள் மூன்று சென்ட்டாகியிருந்த வரியை 1947இல் காலியர்-பர்ன்ஸ் சட்டம் நான்கரை சென்ட்டாக உயர்த்தியது. விரைவுச்சாலைக் காலம் பிறந்தது. இப்படி வண்டிப்பாதை படிப்படியாக மனைக்காரரின் கையிலிருந்து விடுபட்டு, நிலையான வருவாயுள்ள மாநில நிதியின் ஆதரவைப் பெற்றது. அதன் ஓரத்து நடைபாதையோ 1911 சட்டத்தின் வழிவந்த மாநிலச் சட்டத்தின் 5610ஆம் பிரிவின்கீழ் மனைக்காரர் தலையிலேயே தங்கிவிட்டது.

தங்கியதும் அரைகுறையாகத்தான். பழுதுபார்ப்பது மனைக்காரரின் கடமை; ஆனால் உடைந்த பலகையில் ஒருவர் தடுக்கி விழுந்தால் அவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு அந்தப் பிரிவினால் மனைக்காரரைச் சேராது என்று 1944இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செலவு மனைக்காரரிடம், வழக்கு நகரத்திடம் என்றான பிறகு இருவருமே அசையவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் மரங்கள் சிக்கலைப் பெருக்கின. பொதுத்தெருவில் நடப்பட்ட ஆல், அத்தி இனத்து நிழல்மரங்கள் வளர்ந்து பலகைகளைப் பெயர்த்தபோது, அதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. 1974இல் மத்திய அரசின் பணம் கையிலிருந்த தெம்பில், வேர்களால் நேரும் பழுதை இனி நகரமே பார்த்துக்கொள்ளும் என்று மாமன்றம் ஏற்றது. சில ஆண்டுகளில் அந்தப் பணம் தீர்ந்தது. ஏற்ற பொறுப்பு மட்டும் நின்றது. 1978இல் மாநில வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு ஒரு விழுக்காடு என்ற உச்சவரம்பு வைத்ததும், நகரம் தன் விருப்பப்படி செலவிடக்கூடிய பணமும் சுருங்கியது.

பெட்ரோல் வரி கட்டுபவர் காரோட்டி, எனவே அது காருக்கே போகட்டும் என்பார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பயன்படுத்துபவர் கொடுக்கட்டும் என்ற கொள்கையினால்தான் அமெரிக்கா முழுவதும் மக்கள் அந்த வரியை முணுமுணுப்பின்றி ஏற்றார்கள். ஆனால் அந்தக் கொள்கை நகரத் தெருவில் ஒருபோதும் முழுமையாக நடைமுறையில் இருந்ததில்லை. ஊர்த்தெருக்களின் வண்டிப்பரப்புக்கு நகரத்தின் பொது வருவாயும் சென்றது. அந்த வருவாயைக் கார் இல்லாதவரும் கொடுத்தார். காரோட்டியும் காரை நிறுத்திய பிறகு நடந்துதான் கடைக்குப் போகிறார். மேலும் 1938இல் எழுதப்பட்ட அரசியலமைப்புப் பிரிவு 1974இல் திருத்தப்பட்டபோது, சாலையைச் சார்ந்த, மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான வசதிகளும் அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. சட்டத் தடை அன்றே இல்லாமல் போயிற்று. அதன் பின்னும் நடைபாதை கடைசி வரிசையில் நின்றதென்றால், அது பழக்கம், முன்னுரிமை, துணிவின்மை.

மனைக்காரருக்குத்தானே அதிகப் பயன் என்பது அடுத்த வாதம். புதிய நடைபாதை போடும்போது அதில் உண்மை உண்டு, பராமரிப்பில் இல்லை. நடைபாதை தொடர்ச்சியாக இருந்தால்தான் அது பாதை. வசதியுள்ளவர் தன் ஐம்பது அடியைச் சீராக்கி, அடுத்த வீட்டுக்காரரால் முடியாமல் போனால், சக்கர நாற்காலிக்காரருக்குக் கிடைப்பது பாதி வழி. பாதி வழியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. வண்டிப்பாதையை இப்படி வீட்டுக்கு வீடு கூறுபோட்டு ஒப்படைக்க இன்று யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

மாநிலப் பணம் வந்தால் நகரம் பொறுப்பை மறந்து கையேந்தப் பழகும் என்பவர்கள், 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வேர்ப்பழுதின் பொறுப்பை ஏற்றதைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த அனுபவம் எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. அங்கே தவறு வெளிப்பணத்தை வாங்கியதில் இல்லை. ஒருமுறை வரும் பணத்தை நம்பி என்றென்றைக்குமான கடமையை ஏற்றதில் இருந்தது. தேவைப்பட்டது ஆண்டுதோறும் வரும் நிலையான பங்கு. அந்தப் பங்கை நிர்ணயிக்க வைத்தது நீதிமன்றம். 1990இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் நடைபாதையும் நகரம் வழங்கும் பொதுச்சேவையே என்று சாக்ரமென்டோ வழக்கில் 2002இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2004இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்நகரம் தன் போக்குவரத்து நிதியில் 20 விழுக்காட்டை முப்பது ஆண்டுகள் வரை நடப்போர் வழிகளுக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் தன் மீதான வழக்கில் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 137 கோடி டாலர் செலவிடுவதாக 2015இல் உடன்பட்டது. மனைக்காரர் கடமை என்று நூறாண்டு ஓதப்பட்டதை மாற்றியவர்கள், நடக்க முடியாமல் வழக்குத் தொடுத்த மாற்றுத்திறனாளிகள். வரவுசெலவுத் திட்டம் எழுதியவர்களுக்கு அந்தப் பெருமை இல்லை.

2017இல் கலிபோர்னியா பெட்ரோல் வரியைக் கேலனுக்கு 12 சென்ட் உயர்த்தியது. அந்தச் சட்டத்தின் வருவாயிலிருந்து நகரங்களுக்கும் கவுன்டிகளுக்கும் ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்குமான தனித் திட்டத்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது 10 கோடி. உள்ளூர்ப் பங்கில் நடைபாதையையும் சரிசெய்யலாம் என்று சட்டம் அனுமதித்தது. இவ்வளவு செய்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டே அந்த வரியை நீக்கக் கொண்டுவரப்பட்ட 6ஆம் முன்மொழிவை மக்கள் தோற்கடித்தார்கள். தெருவுக்காக வரி கட்ட அவர்கள் தயார். பெட்ரோலே வாங்காத மின்கார்களிடமிருந்து ஆண்டுக்கட்டணம் வாங்கவும் அதே சட்டம் வழிசெய்திருப்பதால், பெட்ரோல் வாங்கியவருக்கே சாலை என்ற பழைய கணக்கு அரசின் கையாலேயே தளர்ந்துவிட்டது. சாக்ரமென்டோவைப் போல உள்ளூர்ப் பங்கில் ஒரு கட்டாய விழுக்காட்டை மாநிலமே எழுதிவைக்க இப்போது என்ன தடை? லாஸ் ஏஞ்சல்ஸ் 2016இல் எதிர்த்திசையில் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. நகரம் ஒருமுறை பழுதுபார்த்துக் கொடுக்கும். வீடுகளுக்கு இருபது ஆண்டுகள், வணிக மனைகளுக்கு ஐந்து ஆண்டுகள் உத்தரவாதம். அதன்பின் பொறுப்பு மனைக்காரருக்கே. முதலில் சரிசெய்யப்பட்ட வணிக மனைகளின் உத்தரவாதம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. 2030களின் இறுதியிலிருந்து வீடுகளுக்கும் முடியத் தொடங்கும்.