சரக்கு வரும் வழியும் சில்லறைக் கடையும்

வணிகம் என்பது கொள்ளுதலும் கொடுத்தலும் ஆகிய இரு தொழிலால் ஆயது. அவற்றுள் கொடுத்தல் கடையின் முகப்பில் யாவரும் காண நிகழ்வது. கொள்ளுதலோ காண்பாரின்றிக் கடைக்குப் பின்னே நிகழ்வது. ஆதலின் கடை வளர்ந்தால் உலகத்தார் அதன் முகப்பைப் புகழ்வர்; தளர்ந்தால் கடைக்காரரைப் பழிப்பர். சரக்கு எவ்வழியாக, எவ்வளவில், எக்காலத்து வந்து சேர்கின்றது என வினவுவார் மிகச் சிலரே. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் மளிகைக்கடையும் பெட்டிக்கடையும் நடத்தி வாழும் நம் குலத்தார் பலர், பெருநிறுவனங்களின் கடைகள் அணித்தே வருதல் கண்டு, நம் பிள்ளைகள் இத்தொழிலில் நிலைத்தல் கூடுமோ என ஐயுறுகின்றனர். அவ்வையத்திற்கு வரலாறு தரும் விடையை யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதத் துணிந்தனம்.

முதற்கண் நம் ஊர்ச் செய்தியொன்று கூறுவாம். 1760-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படைத்தலைவர் ஐர் கூட் என்பார் புதுச்சேரியைக் கைக்கொள்ளக் கருதியபோது, நகர மதிலை இடிப்பதற்கு முன்னர் உணவு வரும் வழிகளை அடைத்தார். அவ்வாண்டு சூலைத் திங்களில் வில்லியனூர்க் கோட்டை அவர் வசமாயிற்று. பிரெஞ்சுக்காரர்க்குத் துணையாய் உணவுப்பொருள்களொடு வந்திருந்த மைசூர்ப் படையும் பின்னர்த் திரும்பிச் சென்றது. கடல்வழியை ஆங்கிலக் கப்பல்கள் காத்து நின்றன. உணவு அருகியமையால், பிரெஞ்சுத் தலைவர் லாலி நகரத்து மக்களுள் ஏறத்தாழ 1,400 பேரை மதிலுக்கு வெளியே போக்கினார். அவர்களை ஆங்கிலப் படையும் உடனே வழிவிடாது தடுத்தமையின், இரு படைக்கும் இடையே அவர் பட்ட துயர் சொல்லுந்தரத்ததன்று. 1761 சனவரியில் நகரம் பணிந்தது. அதனை வீழ்த்தியதில் பீரங்கியினும் பசிக்கே பங்கு மிகுதி. செல்வமும் கோட்டையும் கிடங்கும் இருந்தும், சரக்கு வரும் வழி அற்றபின் அவை ஒன்றும் உதவவில்லை.

போர்க்காலத்து நகருக்குப் பொருந்திய இவ்வுண்மை அமைதிக்காலத்துக் கடைக்கும் பொருந்துவதே. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர் கூடி, 1844 திசம்பரில் சிறு கடையொன்று திறந்தனர். வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் மெழுகுவர்த்தியுமே அன்று அவர் வைத்த சரக்கு. கலப்படமின்மை, நிறையளவு, கைப்பணத்திற்கே விற்றல், ஊதியத்தை வாங்கிய அளவிற்கேற்பப் பகிர்தல் என்பன அவர் கொண்ட நெறிகள். அவர்தம் வழியில் ஊர்தோறும் கடைகள் எழுந்தன. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தனியே மொத்த வணிகரிடம் சென்று நின்றமையின், அவர் சொன்னதே விலையாயிற்று. இதனை உணர்ந்த சங்கங்கள் பல ஒன்றுகூடி, 1863-இல் மாஞ்செசுட்டரில் தமக்கென மொத்தக் கொள்முதல் நிலையம் ஒன்றை நிறுவின. கடை தோன்றி 19 ஆண்டுகள் கழிந்த பின்னரே கொள்முதலையும் கூட்டாகச் செய்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று என்க.

அந்நெறி தமிழகத்திற்கும் வந்தது. 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம், நம் நாட்டு நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலைகளுள் முன்னோடியாகப் போற்றப்படுவது. ஒரு தெருவில் தொடங்கிய அச்சங்கம் நகரின் பல பகுதிகளிலும் கிளைகள் கண்டது. ஒருங்கு வாங்கிக் கிளைகளுக்குப் பகிர்ந்தளித்தல் என்னும் முறையே அத்தகைய நிலையங்களின் உயிர்நாடி.

இம்முறையை நுணுக்கத்தின் எல்லைக்குக் கொண்டு சென்றோர் சப்பானியர். அமெரிக்க நாட்டு டாலசு நகரில் 1927-இல் பனிக்கட்டிச் சாலையாகத் தொடங்கிப் பின்னர்ச் செவன்-இலெவன் எனப் பெயர் பூண்ட கடைத்தொடரின் உரிமையைச் சப்பானில் ஈட்டோ-யோகாடோ என்னும் நிறுவனம் 1973-இல் பெற்றது. 1974 மே மாதம் தோக்கியோவின் தொயோசு பகுதியில் திறக்கப்பெற்ற முதற்கடை புதிதாக எழுப்பியதன்று. ஒரு குடும்பத்தார் நடத்திவந்த மதுக்கடையை மாற்றியமைத்தது. இது நம்மனோர் ஊன்றி நோக்கற்பாலது. அக்காலத்து மொத்த வணிகர் பெருமூட்டைகளாகவே சரக்களித்தமையின், சிறுகடையில் விற்பனையாகாதன குவிந்தன; விற்பனையாவன தீர்ந்தன. அன்றியும் ஒவ்வொருவரும் தத்தம் வண்டியை அனுப்பியதனால், ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 70 வண்டிகள் வந்தன. சுசுக்கி தொசிபூமி என்பார் தலைமையில் அவர்கள் மூன்று செய்தனர்: சரக்கைச் சிறுசிறு அளவிற் பலகாலும் பெற்றனர்; கடைகளைத் தொலைவிற் சிதறவிடாது ஒரே வட்டாரத்தில் நெருங்க அமைத்தனர்; பல வணிகரின் பொருள்களையும் ஒரே வண்டியில் ஏற்றிக் கடைதோறும் இறக்கினர். எழுபதாயிருந்த வண்டிகள் பிற்காலத்து ஏறத்தாழ 9 ஆகக் குறைந்தன. 1991-இல் நலிவுற்றிருந்த அமெரிக்கத் தாய் நிறுவனத்தையே சப்பானியர் தம் ஆட்சியிற் கொண்டனர்.

எனினும் அதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. வழியும் வண்டியும் நிறுவனத்தின் கையில் இருந்தமையின், கடைக்காரர் அதன் விதிக்கு அடங்கியே நடத்தல் வேண்டியதாயிற்று. ஆள் பற்றாமையால் நள்ளிரவிற் கடையடைத்த ஓர் உரிமையாளரோடு நிறுவனம் பிணங்கியதும், அது நாடறிந்த வழக்காயதும் 2019-ஆம் ஆண்டின் செய்தி.

அளவு கடந்த விரைவு செய்யும் கேட்டிற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. 1997-இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, அலங்காரமில்லாச் சிறு கடைகளைத் தெருக்களுக்கு அணித்தாக அமைத்து, மலிவாக விற்று மக்கள் மனங்கவர்ந்தது. பின்னர் நாடெங்கும் பரந்து, 2008-இல் ஏறத்தாழ 1,600 கடைகளைக் கொண்டது. கடன்வழியே பெருகிய அக்கடைகளுக்குக் கைம்முதல் வற்றியபோது, சரக்களித்தோர் நிறுத்தினர், அடுக்குகள் வெறுமையாயின, 2009-இல் கடைகள் மூடப்பட்டன. வாங்குவோர் இன்மையால் அன்று, வாங்கிய சரக்கிற்குப் பணம் கொடுக்க இயலாமையால் அது வீழ்ந்தது.

நம் புதுவை மாநிலத்திற் சில ஆண்டுகள் நியாயவிலைக் கடைகள் அடைபட்டு, அரிசிக்கு ஈடாகப் பணம் வங்கிக் கணக்கிற் செலுத்தப்பட்டதையும், 2024 தீபாவளிக்கு முன் அக்கடைகள் மீளத் திறக்கப்பட்டதையும் யாவரும் அறிவர். பணம் கையிலிருந்தாலும், அரிசியைச் சிற்றூருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார் ஒருவர் வேண்டுமன்றோ? அத்தொண்டைச் செய்பவர் சிறுகடைக்காரரே. அவர் வீழ்ந்தால் நட்டம் அவர்க்கு மட்டுமன்று. பேருந்துக்குச் செலவிட்டு நகருக்குச் செல்லவியலாத முதியோர்க்கும் ஏழையர்க்கும் ஆம்.

இவ்வரலாறுகளால் நாம் கொள்ளத்தக்கன யாவை? வில்லியனூர்ப் பக்கத்தில் அரியூர், கூடப்பாக்கம், ஒதியம்பட்டு முதலிய ஊர்க்கடைக்காரர் பதின்மர் ஒன்றுகூடுக. பாகூர்ப் பக்கத்தில் சேலியமேடு, கிருமாம்பாக்கம், குருவிநத்தம் முதலிய ஊரார் வேறொரு குழுவாகக் கூடுக. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, சவர்க்காரம் என்னும் நாள்தோறும் விற்பனையாகும் ஐந்தை மட்டும் முதலிற் கூட்டாக வாங்குக. அவரவர் தேவையைச் சிட்டையில் எழுதித் தருக. ஒரே வண்டி வாரத்தில் இருமுறை கடைதோறும் இறக்கிச் செல்க. 2017 சூலை முதல் சரக்கு சேவை வரி நாடு முழுதும் நடைபெறுதலின், நம் ஊர்களுக்கிடையே தமிழ்நாட்டு ஊர்கள் விரவிக் கிடத்தலும் முன்போல் இடையூறாகாது.

சப்பானியரிடம் சரக்கு வரும் முறையைக் கற்போம். ஆனால் அவ்வழியின் உரிமையை ராச்டேல் மக்கள்போல் நம் கையிலேயே வைத்துக்கொள்வோம். சுபிக்ஷாவின் வீழ்ச்சி கண்டு, முதலுக்கு மிஞ்சி விரியாதிருப்போம். அடுத்தடுத்துக் கடை வைத்திருப்போர் ஒருவரையொருவர் பகைவராகக் கருதும் வழக்கமே இதற்குப் பெருந்தடை. ஒரே வண்டியிற் சரக்கிறக்குவோர்க்கு அடுத்த கடை அண்மையில் இருத்தல் வண்டிக்கூலியைக் குறைக்கும் நன்மையாகும் என்பதை உணர்ந்தால், அப்பகைமை தானே நீங்கும். சங்கத்துப் பெரியோர் அடுத்த கூட்டத்தில் இதனை ஆராய்ந்து, இரு குழுக்களையேனும் இவ்வாண்டே தொடங்கி வைப்பாராக. அம்முயற்சி தழைக்க வில்லியனூர்த் திருக்காமீசுவரர் திருவருள் துணை செய்வதாக.