மைசூர் மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகள்

மைசூர் என்றதும் மைசூர்பாகு ஞாபகம் வரும். இந்தப் பதிவு அந்த இனிப்பைப் பற்றியதல்ல, ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பற்றியது :-)

தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, குறைவான நல்ல கொழுப்பு. இவற்றில் மூன்று சேர்ந்திருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். "ஒல்லியான ஆளுக்கு எப்படி சர்க்கரை வந்தது?" என்று நம் வீடுகளில் கேட்போமே, அதற்குப் பதில் தேடியதில் மைசூருக்கும் பங்கு உண்டு.

இங்கே 1906-ல் தொடங்கிய ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரியில், 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு, தாயின் எடை எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். பேங்கில் பேரேட்டோடு மாரடிக்கும் எனக்கு, அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருந்ததே ஆச்சரியம்!

குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் அதிகம் என்று 1989-ல் இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் எழுதினார். இந்தியாவிலும் அப்படித்தானா? சவுதாம்ப்டனின் கரோலின் ஃபால் உள்ளிட்ட குழுவினர், 1934-54-ல் இந்த ஆஸ்பத்திரியில் பிறந்து அருகிலேயே வசித்த 517 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 1996-ல் முடிவு வந்தது. 45 வயதைத் தாண்டியவர்களில், இரண்டரை கிலோவுக்குள் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம்தான்.

ஆனால் சர்க்கரை நோயில் கணக்கு மாறியது. 1998-ல் வந்த முடிவின்படி, நீளம் குறைந்து கொழுகொழுவென்று பிறந்தவர்களுக்கும், எடை கூடிய தாய்மாரின் பிள்ளைகளுக்கும்தான் அது அதிகம். தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. 1997-98-ல் 830 கர்ப்பிணிகளோடு அடுத்த ஆய்வைத் தொடங்கினார்கள். சர்க்கரை இருந்த தாய்மாரின் பெண் குழந்தைகளுக்கு 5 வயதிலேயே கொழுப்பு கூடுதலாக இருந்தது.

ஆக, கர்ப்பிணி சத்தில்லாமல் மெலிந்தாலும் ஆபத்து, சர்க்கரை ஏறினாலும் ஆபத்து. "ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடும்மா" என்று லட்டு ஊட்டும் பாட்டிமார் கவனிக்க!

இது தலையெழுத்து இல்லை. நடை, சாப்பாடு, மருந்து எல்லாம் பலன் தரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் சர்க்கரை டெஸ்டைத் தள்ளிப் போடாதீர்கள். ஊருக்குப் போன் போடும்போது அப்பா, அம்மாவின் இடுப்பளவைக் கேளுங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.தான் வரம்பு. அதை எட்டியிருந்தால், ஒல்லியாகத் தெரிந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து விடுங்கள்.