அச்சில் வந்தால் அதுவே இலக்கணம்!

சிவகாசி என்றால் பட்டாசு மட்டுமல்ல. 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. அச்சுத் தொழிலும் வளர்ந்தது. பிறகு காலண்டர், நோட்டு, குழந்தைகளுக்கான புத்தகம் என எல்லாமே அங்கு அச்சாகின.

குழந்தைப் புத்தகங்களில் அடிக்கடி காணும் பிழைகள் இரண்டு. ஒன்று, 'ஓர் அணில்' என்பது 'ஒரு அணில்' ஆவது. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வர வேண்டும் என்பது விதி. மற்றொன்று, ஒற்று விடுபடுவது. 'ப்' போனால் தீப்பெட்டியே 'தீபெட்டி' ஆகிவிடும்!

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848-ல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார். அச்சகம் நிறுவினார், பாலபாடம் எழுதினார். பிழையற்ற பதிப்புக்கு அவர் பெயர் பெற்றதில் வியப்பில்லை. எழுதியவரும் கற்பித்தவரும் அச்சிட்டவரும் ஒருவரே.

இன்று எழுதுபவர் ஒருவர், டைப் செய்பவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர். பிழைக்கு யார் பொறுப்பு?

படித்த வீட்டில் பிழையைத் திருத்த அம்மா இருப்பார். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் தொழிலாளியின் பிள்ளைக்குப் புத்தகம்தான் ஆசிரியர். யோசித்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் முன் ஒரு தமிழாசிரியர் புரூஃப் பார்த்தால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?